சுருதி பெயர்த்த கதை

என்னிடம் முன்பு தமிழ் படித்த ஓர் இளைஞன், சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் பல்லேபொலையிலுள்ள என் வீட்டுக்கு வந்தான். தோளில் கிற்றார்ப் பை. கையில் செங்கல் ஒன்றைவிடச் சற்றே பெரிதான ஓர் இரும்புப் பெட்டி. பெட்டியின் மேற்புறத்தில் தையல் இயந்திரத்தின் மிதிபலகையைப் போல ஒரு பலகை சாய்ந்து நின்றது.

"சேர், இது சுருதி மாத்துற பெடல். ஒருத்தர்கிட்ட பழசா வாங்கினேன். ஆனா வாங்கினது சரியா, பிழையான்னு தெரியல" என்றான்.

தமிழ் ஆசிரியனிடம் வந்து கேட்கும் கேள்வியா இது என்று நினைத்தேன். ஆனால் அவன் பிரச்சினையைச் சொல்லச் சொல்ல, இது நம்முடைய பழைய நூல்கள் பேசியிருக்கும் விடயம் என்பது புலப்பட்டது. அன்றிரவு சிலப்பதிகார உரையைத் தேடி எடுத்தேன். அந்தத் தேடலின் விளைவே இன்றைய உரை.

அவன் வாசிப்பது திருமண வீடுகளுக்கும் தோட்டக் கோயில் திருவிழாக்களுக்கும் போகும் ஒரு சிறிய இசைக்குழுவில். குழுவின் பிரதான பாடகருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. இளமையில் டி. எம். சௌந்தரராஜன் பாடல்களை இசைத்தட்டில் உள்ள அதே சுருதியில் பாடிப் பெயர் வாங்கியவர். இப்போது மேல் தாரத்தில் குரல் நிற்பதில்லை. ஒரு கட்டை இறக்கினால் சுகமாகப் பாடுவார். கீபோர்ட் வாசிப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பொத்தானை இரு தடவை அழுத்தினால் வாத்தியம் முழுவதும் இறங்கிவிடும். கிற்றார்க்காரன்தான் அகப்பட்டுக்கொள்வான்.

"கிற்றாரில் கழுத்துப் பட்டி ஒன்று போடுவார்களே?" என்று கேட்டேன்.

"கப்போ போட்டா ஏத்தத்தான் முடியும் சேர். இறக்க முடியாதே. கம்பியைத் தளர்த்தினா நரநரங்குது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில ஆறு கம்பியையும் திருப்பிக்கொண்டு நிக்க ஏலுமா?"

விரல்களை வேறு இடத்தில் வைத்து வாசித்தால் போதுமே என்றேன். அதுவும் அவன் அறிந்ததே. ஆனால் திறந்த கம்பிகளின் நாதத்தை நம்பி அமைந்த வாசிப்பு, இடம் மாறினால் தன் முகத்தை இழந்துவிடும் என்றான். அவன் சொன்னது சரிதான்.

இனி நம் முன்னோரிடம் போவோம். யாழ் வாசித்தவனுக்கும் இதே சங்கடம் இருந்தது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையைப் போல மெட்டுகள் இல்லை. கட்டிய நரம்பு கட்டிய சுரத்தையே ஒலிக்கும். ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ், பதினான்கு நரம்புடைய சகோடயாழ், இருபத்தொரு நரம்புடைய பேரியாழ் என்று உரைகாரர் வகை சொல்வர். எத்தனை நரம்பு இருந்தாலும், ஒரு பண்ணிலிருந்து இன்னொரு பண்ணுக்குப் போக வேண்டுமானால் என்ன செய்வது? அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் விடை தருகின்றன. நரம்புகளைத் தொடாதே, தொடங்கும் இடத்தை மாற்று. குரல் என்னும் முதற் சுரத்தை அடிப்படையாகக் கொண்டால் செம்பாலை. அதே நரம்புகளில் துத்தத்தைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை. இவ்வாறே கைக்கிளையில் செவ்வழிப்பாலை, உழையில் அரும்பாலை, இளியில் கோடிப்பாலை, விளரியில் விளரிப்பாலை, தாரத்தில் மேற்செம்பாலை. ஏழு நரம்பில் ஏழ்பெரும்பாலை!

இன்று பலரும் ஏற்கும் கருத்துப்படி செம்பாலை என்பது அரிகாம்போதி. அதன் ரிஷபத்தைச் சட்சமாக வைத்துப் பார்த்தால் நடபைரவி வரும். மத்திமத்தை வைத்தால் சங்கராபரணம். பஞ்சமத்தை வைத்தால் கரகரப்பிரியா. நிஷாதத்தை வைத்தால் கல்யாணி. வீட்டில் ஆர்மோனியம் உள்ளவர்கள் இன்றே அழுத்திப் பார்க்கலாம். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானம் கற்ற மூளையையும் தமிழ் கற்ற நெஞ்சையும் ஒன்றாக வைத்து இந்த வரிகளோடு பல்லாண்டு போராடினார். அதன் பயனான ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலை பெயர்க்கும்போது நரம்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பண் மாறுகிறது. என் மாணவனுக்கு வேண்டியதோ இதன் மறுதலை. பண் மாறக் கூடாது. எல்லாச் சுரங்களும் கூட்டத்தோடு ஒரு கட்டை கீழே இறங்க வேண்டும். குடியிருப்பு முழுவதையும், யாருடைய அயலும் மாறாமல், பள்ளத்துக்குப் பெயர்த்து வைப்பதுபோல. இது சொல்வதற்கு எளிது. இதைச் செய்யும் கருவி பிறக்க இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குக் காரணம், ஒலியின் உயரமும் காலமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் என்பதே. நாடாவில் பதிந்த பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஆனால் நான்கு நிமிடப் பாட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் லெஸ் போல் 1940களிலேயே பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஓட்டி வித்தை காட்டினார். 1958இல் ரொஸ் பக்தசாரியன் என்பவர் அதே உபாயத்தால் அணில் குரலில் பாடல்கள் வெளியிட்டு உலகையே சிரிக்க வைத்தார்.

நமக்கு இதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மின்கலமும் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலியும் பாட்டும் கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் நாடா தளரும். பாடகியின் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாகி, பிறகு முனகலாகிவிடும். என் உறவினர் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தமிழர் கண்ட முதலாவது சுருதி மாற்றும் பெடல் அதுதான் என்பேன், வேண்டிக் கண்டதல்ல.

இரட்டையரைப் பிரிக்கும் எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர்களுள் ஒருவர் டெனிஸ் காபர். ஹொலோகிராபி என்னும் முப்பரிமாணப் படக் கலைக்காக 1971இல் நோபல் பரிசு பெற்றவர். 1946இல் அவர் எழுதிய ஆய்வில், ஒலியை ஓடும் நீராகக் கருதாமல் மணிமணியாகக் கருதலாம் என்றார். தானியத்தைப் போல ஒலி மணிகளை எடுத்து, சிலவற்றை இரட்டித்தோ சிலவற்றைக் கைவிட்டோ கோத்தால், காலத்தை மாற்றாமல் சுருதியை மாற்றலாம். சினிமாப் படச்சுருளைக் கொண்டு அவர் பரிசோதனையும் செய்தார். பின்னர் சுழலும் தலைகள் பூட்டிய நாடா இயந்திரங்கள் வந்தன. அவை பெரியவை, விலை கூடியவை. மேடைக்குக் கொண்டுபோகும் பொருள்களல்ல.

1975இல் அமெரிக்காவின் ஈவென்டைட் நிறுவனம் ‘ஹார்மனைசர் எச் 910’ என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. நாடா இல்லை, ஒலி எண்களாக மாறி நினைவகத்தில் எழுதப்படுகிறது. இது எவ்வாறு நடக்கிறது என்பதை விளக்க எனக்கு நம் மாவட்டத்து அலுவிகாரைதான் நினைவுக்கு வருகிறது. வாய்வழியாக ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. அங்கே ஒருவர் எழுதிக்கொண்டே போகிறார், அவர் பின்னால் இன்னொருவர் அதை வாசித்துக்கொண்டே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் வேகம் கூட்டினால் சுருதி ஏறும். ஆனால் சற்று நேரத்தில் எழுதுபவரின் கையை முட்டிவிடுவார். உடனே சில எழுத்துகள் பின்னே பாய்ந்து மீண்டும் வாசிக்க வேண்டும். வேகம் குறைத்தால் சுருதி இறங்கும். ஆனால் பின்தங்கிப் போவார். சில எழுத்துகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அந்தப் பாய்ச்சல் கேட்பவர் காதுக்குத் தெரியாமல் ஒட்டுப் போடுவதில்தான் முழு வித்தையும் அடங்கியிருக்கிறது. முதற் பெட்டியில் ஒட்டு தெரிந்தது. டக் டக்கென்று ஒரு தடுக்கல் கேட்கும்.

அந்தப் பெட்டியை ஆரம்பத்தில் வாங்கியவர்களுள் நியூயோர்க்கின் ஒரு தொலைக்காட்சி நிலையமும் உண்டு. பழைய நகைச்சுவைத் தொடரைச் சற்று வேகமாக ஓட்டி, மிச்சமான நேரத்தில் விளம்பரம் போட்டார்கள். வேகத்தால் ஏறிய குரல்களைக் கீழே இறக்கவே பெட்டி உதவியது. கலைக்காகப் பிறந்த கருவி கடைக்காரனுக்கும் உதவுவது புதிதல்ல. டேவிட் போவியின் 1977ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றில் முரசொலியைச் சரிய வைத்ததும் இதே பெட்டிதான்.

1987இல் யப்பானின் பொஸ் நிறுவனம் இவ்வித்தையைக் காலடியில் வைக்கும் சிறு பெட்டிக்குள் அடக்கியது. 1989இல் வந்ததுதான் டிஜிடெக் நிறுவனத்தின் ‘வாமி’. சிவப்பு நிறம், மேலே மிதிபலகை. குதிகாலில் நிற்கும்போது கம்பி தன் சுருதியில் ஒலிக்கும். முன்பாதத்தை அழுத்த அழுத்த ஒரு ஸ்தாயி, இரண்டு ஸ்தாயி வரை வழுக்கிக்கொண்டு ஏறும். மேலைத்தேய ரொக் இசையில் இதை வைத்துப் பெயர் பெற்றவர்களுள் டொம் மொரெல்லோ முக்கியமானவர். அவர் வாசிப்பைக் கேட்டால் கிற்றாரா, சீழ்க்கையா, தொழிற்சாலைச் சங்கா என்று ஐயுறத் தோன்றும்.

என் மாணவன் மடியில் இருந்ததும் அதன் பழைய வடிவமொன்றுதான். தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியிருந்தான். அதைக் கேட்டபின் எனக்கும் பொறுப்பு வந்துவிட்டது.

முதலில் மின்சாரம். பெட்டி எரியவே இல்லை. அதற்கென ஒரு கடையில் கொடுத்த ஒன்பது வோல்ட் அடப்டர் நேரோட்ட மின்சாரம் தருவது. அந்தப் பழைய பெட்டியோ ஒன்பது வோல்ட் ஆடலோட்ட மின்சாரம் கேட்பது. எண்ணைப் பார்த்தார்கள், வகையைப் பார்க்கவில்லை. பெட்டியின் பின்புறத்தில் எழுதியிருப்பதை வாசிக்காமல் அடப்டர் வாங்கக் கூடாது. இது தமிழ் ஆசிரியன் சொல்லக்கூடிய புத்திதான், வாசிப்புப் பற்றியதல்லவா?

சரியான அடப்டர் கிடைத்த பிறகு வாசித்துக் காட்டினான். தனிக் கம்பியில் அற்புதம். ஆறு கம்பிகளையும் சேர்த்து வருடியபோதோ ஒலி நடுங்கியது. நீருக்குள் இருந்து வருவதுபோல் குழம்பியது. இந்தப் பழைய பெட்டிகள் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே இனங்காண வல்லவை. கிற்றாரின் மிகத் தடித்த கம்பி செக்கனுக்கு ஏறத்தாழ 82 தடவை அதிர்கிறது. ஓர் அதிர்வு முடிய ஆயிரத்தில் 12 பங்கு செக்கன். ஓரிரு அதிர்வாவது கேட்காமல் பெட்டியால் சுரத்தை அறிய முடியாது. ஆகவே தடித்த கம்பியில் விரல் முந்தும், ஒலி பிந்தும். ஆறு சுரம் ஒன்றாக வந்தால் அதற்குத் திகைப்பு. பல சுரங்களை ஒரே நேரத்தில் பெயர்க்கும் பெடல்கள் பின்னர்தான் பரவின; எலெக்ட்ரோ ஹார்மொனிக்ஸ் 2005இல் கொண்டுவந்த ‘பொக்’ அவற்றுள் பேர்பெற்றது. வாமியின் ஐந்தாம் வடிவத்திலும் அந்த வசதி சேர்ந்தது.

இந்தப் பெடல்களில் இன்னொரு வசதியைப் பெரிதாக விளம்பரம் செய்வார்கள். வாசிக்கும் சுரத்தோடு மூன்றாம் சுரத்தையோ ஐந்தாம் சுரத்தையோ தானே சேர்த்து ஒலிப்பது. இங்கேதான் அடியார்க்கு நல்லார் என் உதவிக்கு வந்தார். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றும் ஆறும் பகை என்பது பழைய இசைநூல் மரபு. மேல்நாட்டார் தேனாக விரும்பும் மூன்றாம் சுரத்தை நம்மவர் பகை என்றனரே, ஏன் என்று மாணவப் பருவத்திலேயே வியந்திருக்கிறேன். அன்று பெடலை வைத்துக் கணக்குப் பார்த்தோம். சங்கராபரணத்தின் ஏழு சுரங்களோடும் சரியாகப் பஞ்சம தூரத்தில் இன்னொரு சுரம் சேர்த்தால், நிஷாதம் ஒன்றுக்கு மட்டுமே இராகத்துக்குப் புறம்பான பிரதி மத்திமம் வருகிறது. அந்தர காந்தார தூரத்தில் சேர்த்தாலோ ரி, க, த, நி என்னும் நான்கு சுரங்களுக்கு அந்நிய சுரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. கிளையில் ஒரு பிழை; பகையில் நான்கு! உரைகாரர் இந்தக் கணக்கைத்தான் மனத்தில் கொண்டார் என்று நான் வாதிடமாட்டேன். ஆயினும் எனக்கு உடல் சிலிர்த்தது.

இந்தக் குறையைத் தீர்க்க, பாட்டின் சுருதியையும் அது மேஜரா மைனரா என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கும் பெடல்கள் உண்டு. அப்போது அது மூன்றாம் சுரத்தைத் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் சேர்க்கும். ஆனால் மாயாமாளவகௌளை மேஜரும் அல்ல, மைனரும் அல்ல. நம் பிள்ளைகள் சரளி வரிசை படிக்கும் முதல் இராகமே அந்த எளிய பெடல்களுக்குத் தெரியாது.

மிதிபலகையால் கமகம் எழுப்பலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதத்தால் சாரு என்னும் வழுக்கலை ஓரளவு காட்டலாம். தோடியின் காந்தாரத்தை அசைக்க முடியாது. மாண்டலின் யூ. சிறீனிவாஸ் நான்கு இரட்டைக் கம்பிகளை நீக்கி ஐந்து தனிக் கம்பிகள் பூட்டிய மின் மாண்டலினில் இடது கை விரல்களாலேயே அதைச் சாதித்தார். மின் கிற்றாரில் பிரசன்னாவும் விரலைத்தான் நம்புகிறார். நம் நாட்டில் கிற்றாரைத் தமிழ்ப் பாட்டோடு ஊர் ஊராகக் கொண்டுசென்ற பொப்பிசைக்காரர்கள், ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினம், ‘சுராங்கனி’யைக் கடல் கடத்திய ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் காலத்தில் இந்தப் பெட்டி எதுவும் இல்லை. பாடகரின் குரலுக்குத்தான் கிற்றார் பணிந்தது.

அதனால் மாணவனிடம் ஒன்றே கேட்டேன்: "உனக்கு வானத்துக்கு ஏறும் சத்தம் வேண்டுமா, உங்கள் மாமா பாட ஒரு கட்டை இறங்க வேண்டுமா?"

நெடுநேரம் மிதிபலகையைத் தடவிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதில் அந்தச் சிவப்புப் பெட்டியை விட மனம் வராது, எனக்குப் புரிந்தது. இரண்டு வாரம் கழித்து, அதை மாற்றி ‘டிராப்’ என்னும் சிறிய பெடல் ஒன்றோடு வந்தான். அதுவும் டிஜிடெக் நிறுவனத்ததே. மிதிபலகை கிடையாது; ஒரு திருகி மட்டும். அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏழு படி இறங்கும், பிறகு ஒரு ஸ்தாயி. ஆறு கம்பியையும் ஒன்றாக இறக்கும். வேறு சாகசம் எதுவும் தெரியாது.

வீட்டில் மெதுவாக வாசித்தபோது ஒரு புதிய சங்கடம். கம்பியின் சொந்த ஒலியும் ஒலிபெருக்கியின் இறங்கிய ஒலியும் சேர்ந்து காதில் மோதின. சத்தத்தைச் சற்றுக் கூட்டியதும் கம்பியின் ஒலி அமிழ்ந்துவிட்டது. கரகரப்பூட்டும் பெடல்களுக்கு முன்னால் இதை வைத்தால்தான் சுரத்தைத் தெளிவாக இனங்காணும் என்பதையும், சுருதி பார்க்கும் கருவியை இதற்கும் முன்னால் வைக்க வேண்டும் என்பதையும் அவனே கண்டுபிடித்தான்.

சம்பந்தருடன் சென்று அவர் பதிகங்களை யாழில் இட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கதையை அன்று அவனுக்குச் சொன்னேன். தருமபுரத்தில் அவருடைய உறவினர்கள், யாழில் வாசிப்பதால்தான் பதிகம் புகழ் பெறுகிறது என்று பேசினார்கள். அது பொறுக்காத யாழ்ப்பாணர், யாழில் அடங்காத பாட்டொன்றைப் பாடியருளும்படி சம்பந்தரிடம் வேண்டினார். அவரும் பாடினார். நரம்பில் அடங்கவில்லை. யாழ்ப்பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதைத் தடுத்து, யாழை வாங்கி, முடிந்த அளவில் வாசியும் என்று திருப்பிக் கொடுத்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அதனால் அப்பதிகத்துக்கு யாழ்மூரி என்று பெயர்.

"உடைக்க விடலையா சேர்?" என்று கேட்டான். அவன் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவர்கள் கச்சேரிக்குப் போயிருந்தேன். திருகி ஒரு கட்டை கீழே நின்றது. பெரியவர் வியர்க்காமல், முகம் சுளிக்காமல் பாடினார். முன்வரிசைக் கிழவிகள் கூடவே வாயசைத்தார்கள். இரவு பதினொரு மணியளவில் கடைசிப் பாட்டு. பெரியவர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, அந்தப் பெட்டிய நிப்பாட்டிரு. இது ஒண்ண பழைய சுருதியிலயே பாடுறேன்."

என் மாணவன் என்னைப் பார்த்தான். பின் காலால் பெடலை அணைத்தான். கீபோர்ட்காரரும் பொத்தானை அழுத்தினார். அனுபல்லவியின் மேற்சுரத்தில் பெரியவரின் குரல் இரண்டாகப் பிளந்தது. அவர் நிறுத்தவில்லை. அந்த இடம் இரண்டாம் தடவை வந்தபோது என் மாணவன், கம்பிகளை வருடுவதை விட்டு, தடித்த கம்பி ஒன்றை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டு நின்றான்.